வேம்பின் நிழலும் தகரத்தின் நிழலும்

சித்திரைக் கடைசி. அக்கினி நட்சத்திரம். நண்பகல் பன்னிரண்டரை மணிக்குப் புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகிற சாலையில் ஏதாவது ஒரு கிராமத்து நிறுத்தத்தில் இறங்கிப் பாருங்கள். தகரக் கூரை போட்ட நிழற்குடை ஒன்று இருக்கும். உட்காரச் சிமெண்டுத் திண்ணையும் இருக்கும். ஆள் இருக்காது. பத்தடி தள்ளி நிற்கிற வேப்பமரத்தடியில்தான் கூட்டமெல்லாம். வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு ஓர் அப்பத்தா, சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுத் துண்டால் முகம் துடைக்கும் ஒருவர், கண்ணை மூடி அசைபோடும் நாலு வெள்ளாடு. திண்ணை சும்மா கிடக்கிறதே, ஏன் தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டால் அந்த அப்பத்தா சொல்லும் பதில் இதுவாகத்தான் இருக்கும்: “உள்ள காந்துது தம்பி. இங்கன சிலுசிலுன்னு இருக்கு.”

இரண்டும் நிழல்தான். இரண்டுமே வெயிலை மறைக்கின்றன. பின் ஒன்று ஏன் காந்துகிறது, இன்னொன்று ஏன் குளிர்கிறது?

வெப்பமானியை நூலில் கட்டி இரண்டு இடத்திலும் தொங்கவிட்டால் காற்றின் சூட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒரு டிகிரி, மிஞ்சினால் இரண்டு. காற்று ஓரிடத்தில் நிற்பதில்லையே. பத்தடிக்குள் அதன் சூடு எவ்வளவு மாறிவிடும்? ஆனால் நம் உடம்பு உணர்வது காற்றின் சூட்டை மட்டும் இல்லை. எரிகிற விறகடுப்பின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு முகம் காந்தும், முதுகு சாதாரணமாக இருக்கும். முகத்தையும் முதுகையும் சூழ்ந்திருப்பது ஒரே காற்றுதான். முகத்துக்கு வந்து சேரும் வெப்பம் அடுப்பிலிருந்து கதிராகப் புறப்பட்டு வருகிறது. சூடான பொருள் எதுவானாலும் இப்படிக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டே இருக்கும். சூடு ஏற ஏற அந்த வீச்சும் வேகமாகக் கூடும்.

நண்பகல் வெயிலில் தகரம் எளிதாக 60 டிகிரியைத் தொடும். அதன் மேல்பக்கம் வெயிலை மறைக்கிறது. கீழ்ப்பக்கமோ நம் தலைக்கு நேரே தொங்கவிட்ட அடுப்பாகிவிடுகிறது. வேப்பிலை அதே வெயிலில் காற்றின் சூட்டை ஒட்டியே, 38 டிகிரி அளவில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் தகரம் இலையைவிட ஏறக்குறைய 150 வாட் வெப்பத்தைக் கூடுதலாகக் கீழே வீசுகிறது. பழைய காலத்து நூறு வாட் குண்டு பல்பு ஒன்றரையைத் தலைமாட்டில் எரியவிட்ட மாதிரி. அப்பத்தா சொன்ன ‘காந்துது’ என்ற சொல் அவ்வளவு துல்லியமானது. காற்றின் சூட்டுக்குப் புழுக்கம் என்றும் வெக்கை என்றும் வேறு சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. கதிராக வந்து தோலைச் சுடுவதற்குத்தான் காந்தல் என்று பெயர்.

சரி, இலை மட்டும் எப்படிச் சூடேறாமல் இருக்கிறது? வெயிலில் நிற்பது அதுவும்தானே?

முதலில், வந்த வெயில் முழுவதையும் அது வாங்கிக்கொள்வதில்லை. சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. பச்சை இலை உணவு சமைக்க வேண்டிய ஒளியைப் பிடித்துக்கொண்டு, அந்த அகச்சிவப்பில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, அல்லது தன் வழியே போகவிட்டுவிடுகிறது. அடுத்தது, வேப்பிலை ஒல்லியானது, சிறியது. லேசான காற்று வந்தாலும் சூட்டை உதறிவிடும். இவ்விரண்டையும்விடப் பெரிய உபாயம் மூன்றாவது. இலை வியர்க்கிறது.

இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஒரு சதுர மில்லிமீட்டரில் நூற்றுக்கணக்கில் இருக்கும். கரியமில வாயுவை உள்ளே இழுக்க அவற்றைத் திறக்கும்போது உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. போகிற நீர் சும்மா போகாது. வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதன் ரகசியமும் அதுதான். ஆனால் எவ்வளவு வெப்பம் என்பதைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கிற வரை சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல எட்டு மடங்கு வேண்டும், அதே லிட்டர் ஆவியாக. மின்சாரக் கணக்கில் சொன்னால் லிட்டருக்கு ஏறக்குறைய 0.67 யூனிட். நன்றாக வளர்ந்த பெரிய மரம் ஒன்று வேரில் ஈரம் இருக்கிற நாளில் நூறு லிட்டரை ஆவியாக்கும். அறுபத்தேழு யூனிட். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓடி அகற்றுகிற வெப்பம் அது. ஏ.சி. அந்த வெப்பத்தை அடுத்த வீட்டுச் சன்னலுக்கு எதிரே ஊதித் தள்ளும். மரம் அதை நீராவிக்குள் பூட்டி மேலே அனுப்பிவிடும். எங்கோ உயரத்தில் மேகம் திரளும்போதுதான் அந்தப் பூட்டுத் திறக்கும்.

இந்த நூறு லிட்டரும் வேரிலிருந்து முப்பது, நாற்பது அடி உயரத்துக்கு ஏற வேண்டும். மோட்டார் இல்லை, இதயம் இல்லை. உச்சி இலையில் ஒரு துளி ஆவியாகும்போது, அது தனக்குப் பின்னால் இருக்கும் துளியை இழுக்கிறது. அது அடுத்ததை இழுக்கிறது. இலையிலிருந்து வேர்வரை நீர் அறுபடாத கயிறாகத் தொங்கிக்கொண்டு நிற்க, அந்தக் கயிற்றை வெயில் மேலிருந்து இழுக்கிறது. இந்த விளக்கத்தை டப்ளின் நகரத்து அறிஞர்கள் டிக்சனும் ஜோலியும் 1894இல் முன்வைத்தார்கள். அதே ஆண்டில்தான் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை நிர்வகித்த சேஷையா சாஸ்திரி தம் பொறுப்பிலிருந்து விலகினார். இரண்டுக்கும் தொடர்பு ஏதும் கிடையாது. ஆனால் எனக்கு அந்த ஆண்டைப் பார்க்கும்போதெல்லாம் இரு தரப்பார் வேலையும் சேர்ந்தே நினைவுக்கு வரும். மரத்துக்குள் நீர் எப்படி ஏறுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். ஊருக்குள் நீர் எப்படி வந்து நிற்க வேண்டும் என்பதை இவர் செய்து காட்டினார்.

ஏனென்றால் இந்தக் குளிர்ச்சிக்கு ஒரு நிபந்தனை உண்டு. வேர் காய்ந்தால் மரம் துளைகளை மூடிக்கொள்ளும். உயிர் பிழைக்க அதற்கு வேறு வழியில்லை. அப்போதும் அது குடையாக நிற்கும். ஆனால் அந்தச் சிலுசிலுப்பு போய்விடும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு, பாம்பாறு எல்லாம் மழைக்கு மட்டும் விழிக்கிற ஆறுகள். வடக்கிலும் மேற்கிலும் கால் வைத்த இடமெல்லாம் கரும்பாறை. அங்கே நிலத்தடி நீர் என்பது பாறை வெடிப்புகளிலும் அதன் மேலே மக்கிய மண்ணிலும் தங்கும் கொஞ்சம்தான். கிழக்கே ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் படிவுப் பாறை இருப்பதால் ஆழ்குழாய்க் கிணறு எடுபடுகிறது. பெய்கிற மழையிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதைப் பிடித்து வைக்கத்தான் ஆயிரக்கணக்கான கண்மாய்களும் ஏரிகளும் ஊருணிகளும். ஒரு கண்மாய் நிறைந்து கலிங்கு வழிந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்துவாரி வழியே போகும். மேலூர்க்காரர் வாரியை அடைத்தால் கீழூர்க் கண்மாய் காயும். மரமும் அங்கே வியர்க்காது.

1878இல் திவானாக வந்து, பிறகு இளவயது மன்னர் சார்பில் ஆட்சிப் பொறுப்பையும் ஏற்று 1894 வரை இருந்த சேஷையா சாஸ்திரி காலத்தில்தான் புதுக்கோட்டை நகரம் இன்றைய வடிவத்தைப் பெற்றது. ராஜ வீதிகள் நான்கு, அவற்றுக்கு இணையாக இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று கோடு போட்டது போன்ற தெருக்கள். வெளியூர்க்காரர் இந்த நேர்த்தெருக்களைத்தான் வியந்து பேசுவார்கள். நான் வியப்பது அந்தத் தெருக்களோடு சேர்த்து நகரத்துக் குளங்களையும் அவர் திருத்தினார் என்பதை. சாந்தநாதர் கோயிலுக்கு அருகே பல்லவன்குளம். நகரின் தாகம் தீர்த்த புதுக்குளம். பூங்கா என்ற சொல் அன்றைக்கு அங்கே யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. இன்றைக்குக் காலையில் நடக்கப் போகிறவர்கள் தேடிப் போகும் இடம் அந்தப் புதுக்குளத்தங்கரை.

நிறைந்த குளம் ஒன்று கோடையில் நாளொன்றுக்கு ஆறு மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். ஒரு ஹெக்டேர் பரப்புக்கு அறுபதாயிரம் லிட்டர். மேலே சொன்ன கணக்குப்படி நாற்பதாயிரம் யூனிட் வெப்பம். அந்த இடத்தில் தார்ச்சாலையும் மொட்டை மாடிகளும் இருந்திருந்தால் அவ்வளவு வெப்பமும் சுவருக்குள்ளும் காற்றுக்குள்ளும் ஏறியிருக்கும். குளத்தின் அடியில் இறங்குகிற கசிவோ கரை மரங்களின் வேருக்கும் சுற்றுப்புறக் கிணறுகளுக்கும் போய்ச் சேரும். அந்த மரங்கள் சித்திரையிலும் துளைகளைத் திறந்து வைத்திருப்பது இந்தக் கசிவின் தயவில்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குளம் இரவில் குளிர்விக்காது. பகலில் வாங்கிய சூட்டைத் தண்ணீர் மெதுவாகத்தான் விடும். கோடை இரவில் குளத்துத் தண்ணீர் மேலே இருக்கும் காற்றைவிடச் சூடாக இருப்பதும் உண்டு. காற்று அசையாத இரவில் கரையோரம் புழுங்கும். குளம் தன் முழு வேலையையும் செய்வது பகலில், குறிப்பாக ஊர் தகிக்கிற பிற்பகலில். அந்த நேரத்தில் கரையில் நடக்க யாரும் வருவதில்லை. ஆனால் காற்று வீசும் பக்கத்துத் தெருக்களில் திண்ணையில் படுத்திருப்பவர்களுக்கு அந்தப் பயன் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது.

இரவுக்கு வேறொரு மரம் உண்டு. தூங்குமூஞ்சி மரம் பொழுது சாய்ந்ததும் இலைகளை மடக்கிக்கொள்ளும். பகலெல்லாம் பந்தல் போட்டிருந்த மரம் இரவில் பந்தலைச் சுருட்டிவிடுகிறது. தரை பகலில் வாங்கிய கொஞ்ச வெப்பமும் தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடும். நமக்காக அது அப்படிச் செய்யவில்லை; இருந்தாலும் ஒரு பூங்காவுக்கு இதைவிடப் பொருத்தமான குணம் கேட்டுப் பெற முடியாது. வேம்பும் புங்கமும் இன்னொரு விதத்தில் பொருத்தம். மாசி, பங்குனியில் பழைய இலையைக் கொட்டிவிட்டுச் சித்திரை பிறக்கும் முன் புதுத்தளிர் பூண்டு நிற்கும். வெயில் உச்சிக்கு வரும்போது குடை புதிதாக இருக்கும்.

புதுக்கோட்டை மன்னர் கட்டிய அரண்மனையில்தான் இன்றைக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நடக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் நாளில் அங்கே போனால், மனுவைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு வளாகத்து மரங்களின் அடியில் காத்திருக்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். சாப்பாட்டுத் தூக்கைப் பிரித்துச் சாப்பிடுவதும், குழந்தையைத் துண்டு விரித்துத் தூங்கவைப்பதும் அங்கேதான். பூங்கா என்று பலகை மாட்டாத பூங்கா. மரத்துக்குக் கோயிலிலும் இடம் உண்டு. திருக்கோகர்ணத்துக் குடைவரைக் கோயிலின் தலமரம் மகிழம். அங்கே சிவனுக்கு வகுளவனேஸ்வரர் என்றும் ஒரு பெயர் உண்டு. மகிழங்காட்டுக்கு இறைவன் என்று பொருள். காட்டின் பெயரைச் சாமிக்கு வைத்த ஊர் இது.

சித்தன்னவாசலுக்குப் போனால் மூன்றாவது வகைக் குளிர்ச்சியைத் தொட்டுப் பார்க்கலாம். மலையடியில் சிறுவர் பூங்கா இருக்கிறது. நான் சொல்ல வந்தது மேலே இருக்கும் ஏழடிப்பட்டத்தை. கி.மு. காலத்துத் தமிழி எழுத்துப் பொறித்த இயற்கைக் குகை; உள்ளே சமணத் துறவியர் படுத்த வழவழப்பான கற்படுக்கைகள் பதினேழு. போகிற வழியில் பாறை பாதத்தைச் சுடும். குகைக்குள் கற்படுக்கையில் கை வைத்தால் குளிர்ந்திருக்கும். ஒரே கல் எப்படி இரண்டாக இருக்கிறது? பகல் வெயிலின் சூடு கருங்கல்லுக்குள் இறங்கும்போது ஒவ்வொரு இருபது சென்டிமீட்டருக்கும் அதன் ஏற்ற இறக்கம் மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். முக்கால் மீட்டர் ஆழத்தில் பகல் எது இரவு எது என்று கல்லுக்கே தெரியாது. சூடு இறங்கவும் நேரம் பிடிக்கும். இருபது சென்டிமீட்டரைக் கடக்கச் சுமார் நான்கு மணி நேரம். நண்பகல் வெயில் அங்கே போய்ச் சேர்வதற்குள் மாலையாகிவிடும். மேல் பாறை பொழுது சாய்ந்த பின்னும் விடாமல் காந்துவதும் இதனால்தான். தலைக்கு மேல் பல மீட்டர் கல்லைக் கூரையாகக் கொண்ட அந்தத் துறவியர், வெப்பவியல் தெரியாமலே சரியான இடத்தில் படுத்திருக்கிறார்கள்.

அதே மலையின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்ற ஆசிரியர் இதைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு உண்டு. அதன் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டிருக்கிறது. மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள், தண்ணீருக்குள் இறங்கிப் பூப்பறிக்கும் ஆட்கள். சமண மரபில் அது தீர்த்தங்கரரின் திருவவையைச் சேர்ந்த குளம். பாறையும் முள்ளும் சூழ்ந்த இந்த நிலத்தில், மறுமையின் இன்பத்தை வரைய உட்கார்ந்த ஓவியன் கையில் மனிதரும் மாடும் மீனும் பறவையும் சேர்ந்து அனுபவிக்கிற ஒரு நீர்நிலை வந்து நின்றது. நிழலில்லாமல் அந்த மலையேறி வந்து, அண்ணாந்து அந்தக் குளத்தைப் பார்ப்பவருக்கு அவன் என்ன நினைத்திருப்பான் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த மாவட்டம் இயற்கையாகவே கைவிடப்பட்ட பொட்டல் என்று நினைப்பவர்கள் ஒரு கோயில் காட்டுக்குள் போய்வர வேண்டும். அய்யனார் கோயிலைச் சுற்றி, மண்குதிரைகளின் வரிசைக்குப் பின்னால், உள்ளே வெளிச்சம் விழாத அளவுக்கு அடர்ந்து நிற்கும் காடுகள் பல ஊர்களில் இன்னும் இருக்கின்றன. வீரை, காசான், உலக்கைப்பாலை, நாவல். மழை குறைவான இடத்தில் மரங்கள் இலை உதிர்த்துத்தான் பிழைக்கும் என்பது பாடப்புத்தக விதி. இவை உதிர்ப்பதில்லை. சோழமண்டலக் கரையிலும் இலங்கையின் உலர்ந்த பகுதிகளிலும் காணப்படும் உலர் பசுமைமாறாக் காடு இது. இலை தடித்தது, மெழுகு பூசியது. நண்பகலில் துளையை மூடிக்கொண்டு காலையில் வேலையை முடித்துக்கொள்ளும். கீழே சருகு மெத்தை. கார்த்திகை ஈரத்தை அது பல வாரம் காக்கும். ஒரு குச்சியை ஒடித்தாலும் சாமி கண்ணைக் குத்தும் என்ற அச்சம் பல நூற்றாண்டு இதைக் காத்திருக்கிறது. இதன் பக்கத்திலேயே 1970களிலிருந்து அரசு பரப்பிய தைலமரக் காடுகளையும் பார்க்கலாம். தோட்டத்துக்காக எடுத்த வரப்பும் குழியும் மழைநீரைக் கண்மாய்க்குப் போகவிடாமல் மறிக்கின்றன என்று இந்த மாவட்டத்து விவசாயிகள் பல்லாண்டாக முறையிட்டு வருகிறார்கள். மரம் என்றாலே நிழல் என்று நினைத்துவிடக் கூடாது. வெட்டி விற்கவே நட்ட மரத்தின் கீழ் யாரும் துண்டு விரிப்பதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது. ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கி வட்டாரங்களில் தென்னையும் பலாவும் ஆலும் புளியும் ஒரே இரவில் சாய்ந்தன. வாழ்நாளெல்லாம் கன்று நட்டும் கொடுத்தும் வந்த சேந்தன்குடி ‘மரம்’ தங்கசாமி அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மறைந்திருந்தார். அடுத்த கோடையில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் ஒரு காரியம் செய்தார்கள். விழுந்த மரங்களுக்குப் பதில் கன்று நட்டதோடு நிற்காமல், தாங்களே பணம் திரட்டிக் குளங்களையும் ஏரிகளையும் தூர்வார இறங்கினார்கள். வரத்துவாரிகளைத் தேடிக் கண்டுபிடித்துத் திறந்தார்கள். நட்ட கன்று வேர்விட்டு வியர்க்க வேண்டுமானால் முதலில் குளத்துக்குத் தண்ணீர் வர வேண்டும் என்பதை அவர்களுக்கு எந்த அறிவியல் கட்டுரையும் சொல்லித் தரவில்லை.

2024இல் புதுக்கோட்டை மாநகராட்சி ஆனது. மாநகரம் என்றால் பூங்காக்கள் வரும், வர வேண்டும். குழந்தைகளுக்கு ஊஞ்சல் வேண்டும், முதியவர்களுக்குச் சமதளமான நடைபாதை வேண்டும். என் கவலையெல்லாம் அவற்றை எதன் கீழ் வைக்கப் போகிறோம் என்பதில்தான். ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் வெட்டவெளியில் நிறுத்தினால் காலை ஒன்பது மணிக்குமேல் அந்தச் சறுக்குமரத்தில் குழந்தையால் தொடையை வைக்க முடியாது. கொரியன் புல்தரை கண்ணுக்கு அழகு. அதற்குத் தினம் தண்ணீர் ஊற்ற வேண்டும், நிழலோ தராது. மரத்தின் தூரைச் சுற்றிச் சிமெண்டுக் கல் பதித்தால் வேருக்குப் போகிற மழை சாக்கடைக்குப் போகும். குளத்தின் கரையை நாலு பக்கமும் உயர்த்திக் கட்டி விளக்குப் போட்டுவிட்டு, வரத்துவாரியின் வாயை அடைத்துவிட்டால் இரண்டு கோடையில் அது விளக்குப் போட்ட பள்ளமாகிவிடும். ஒரு பூங்காவுக்குப் பணம் ஒதுக்கும்போது முதல் ரூபாய் வாரிக்கும், இரண்டாவது ரூபாய் வேம்புக்கும் புங்கத்துக்கும் மகிழத்துக்கும் போகட்டும். வாசல் வளைவைக் கடைசியில் கட்டிக்கொள்ளலாம்.

ஆடி முடிந்து மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது, உங்கள் ஊர்க் குளத்தின் வரத்துவாரியைப் பிடித்துக்கொண்டு எதிர்த்திசையில் ஒரு முறை நடந்து பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் குப்பை அடைத்திருக்கிறது, எந்த இடத்தில் சுவர் ஏறியிருக்கிறது, எந்த இடத்தில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து, அடுத்த திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். கூப்பிடும் வரை அங்கே மரத்தடியில் உட்கார்ந்திருக்கலாம்.